பிரம்பும் மணலும்: திண்ணைப் பள்ளியும் கற்றலின் மனோதத்துவமும்

முகவுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிவகிரிக்கு மிக அண்மையில், நெடுங்காலம் சங்கரன்கோவில் தாலுகாவைச் சேர்ந்திருந்து இன்று தென்காசி மாவட்டத்தின் பகுதியாக விளங்கும் ராயகிரியிலும், அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், தமிழ்நாட்டின் மற்றெல்லா ஊர்களிலும் போலவே, பிள்ளையை முதன்முதலாகப் பள்ளியில் கொண்டுவிடும் தகப்பனார் ஆசிரியரிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்புவது வழக்கமாயிருந்தது: “கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்த எடமெல்லாம் தோலை உரிச்சிருங்க, வாத்தியாரய்யா!” இதைச் சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர். தாம் பெறாத வித்தையைத் தம் பிள்ளை பெற்றுவிட வேண்டும் என்ற தாகமே அவர்களை அப்படிப் பேச வைத்தது. ஆயினும், அந்த வாக்கியத்திற்குள் கற்றலைப் பற்றிய ஒரு சித்தாந்தம் அடங்கியிருக்கிறது. அடியாத மாடு படியாது என்னும் பழமொழி அதன் சுருக்கம்.

அந்தச் சித்தாந்தம் உண்மைதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் கற்றார்கள் என்பதில் ஐயமில்லை. அங்கே பிரம்பு இருந்தது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அவர்கள் கற்றது பிரம்பினாலா, பிரம்பு இருந்தும் வேறு காரணங்களாலா? இதற்கு விடை காணப் பழைய அரசாங்க ஆவணம் ஒன்றையும், கற்றலைப் பற்றிச் சென்ற நூற்றாண்டில் வளர்ந்த மனோதத்துவ சாஸ்திரத்தின் அடிப்படைக் கருத்துக்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்க முயல்கிறேன்.

1. சான்று: உள்ளங்கையில் எழுதிய கணக்கு

சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாட்டுப் பள்ளிகளின் நிலையைப் பற்றி ஒவ்வொரு ஜில்லாவின் கலெக்டரிடமிருந்தும் விவரம் கேட்டார். திருநெல்வேலி உள்ளிட்ட ஜில்லாக்களிலிருந்து வந்த அறிக்கைகளைத் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் தேதி அவர் எழுதிய குறிப்பில், ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தன என்றும், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற விகிதம் அமைந்திருந்தது என்றும் கண்டார். இந்த ஆவணங்களைப் பிற்காலத்தில் தரம்பால் திரட்டி 1983ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டபின், இவை பெரும்பாலும் எத்தனை பள்ளிகள், எந்தெந்தச் சாதியார் படித்தனர் என்னும் எண்ணிக்கை விவாதத்திற்கே பயன்பட்டு வந்திருக்கின்றன. பிள்ளை எப்படிக் கற்றான் என்னும் கேள்விக்கு அவற்றில் உள்ள சான்று போதிய கவனம் பெறவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அத்தகைய சான்றுகளுள் தலையாயது பல்லாரி கலெக்டர் ஏ. டி. காம்பெல் 1823 ஆகஸ்டு மாதத்தில் அனுப்பிய அறிக்கை. காலையில் பள்ளிக்கு முதலில் வந்த மாணாக்கனின் உள்ளங்கையில் மரியாதையின் அடையாளமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும் என்றும், இரண்டாவதாக வந்தவனுக்குப் புகழும் இல்லை பழியும் இல்லை என்பதைக் காட்டச் சுழி இடப்படும் என்றும், மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்பால் வருபவர்க்கெல்லாம் ஒவ்வோர் அடி கூடுதலாக விழும் என்றும் அவர் எழுதுகிறார். பல்லாரி தமிழ் வழங்கும் ஜில்லா அன்று. ஆகவே அங்குள்ள வழக்கம் ராயகிரியின் திண்ணையிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது என்று சொல்ல நான் துணியேன். ஆயினும், மணலில் எழுதுதல், ஒருங்கே ஓதுதல், முன்னேறிய மாணாக்கனே மற்றவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை, கடுந்தண்டனை ஆகிய அம்சங்களில் தென்னாட்டுத் திண்ணைப் பள்ளிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. கைகளை உத்தரத்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையின் பெயர் தமிழ்ப் பெரியவர்களின் நினைவில் நெடுநாள் நின்றது. காம்பெலின் அறிக்கையும் அத்தகைய தொங்கவிடும் தண்டனையைக் குறிப்பிடுகிறது.

2. அடிப்படைக் கருத்துக்கள்

உள்ளங்கைக் கணக்கை ஆராயுமுன் சில கருத்துக்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

கிராமத்து வீட்டில், தொட்டியில் புண்ணாக்குத் தண்ணீர் கலக்கும் சத்தம் கேட்ட மாத்திரத்தில், தீனி கண்ணில் படுவதற்கு முன்பே மாட்டின் வாயில் எச்சில் ஊறுகிறது. அந்தச் சத்தத்திற்கும் எச்சிலுக்கும் இயற்கையான சம்பந்தம் எதுவுமில்லை. தீனி வருமுன் நாள்தோறும் அது ஒலித்ததனால் தீனியின் முன்னறிவிப்பாகிவிட்டது. ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லவ், நாய்களிடம் இதையே அளந்து பார்த்து, ஆக்கநிலையுறுத்தல் என்று இன்று நாம் வழங்கும் கொள்கையை நிறுவினார். சத்தத்தைத் தொடர்ந்து தீனி வாராமற்போனால் எச்சில் ஊறுவது சிறிது சிறிதாகக் குறைகிறது. ஒரு சத்தத்திற்குப் பழகிய பிராணி, அதை ஒத்த வேறு சத்தத்திற்கும் ஓரளவு துலங்குகிறது.

இரண்டாவது வகையில் பிராணி வெறுமனே எதிர்பார்த்திருப்பதில்லை. ஒன்றைச் செய்து அதன் பலனைப் பெறுகிறது. அமெரிக்கரான எட்வர்டு தார்ண்டைக், பூனைகளைக் கூண்டில் அடைத்து, அவை தாழைத் திறக்கும் வழியை முயன்று தவறிக் கண்டுபிடிப்பதைக் கவனித்து 1898ஆம் ஆண்டு வெளியிட்டார். திருப்தி தரும் விளைவைப் பெற்ற செயல் நிலைபெறும் என்பதே அவருடைய விளைவு விதி. அதை விரிவாக்கிய பி. எப். ஸ்கின்னர், ஒரு செயலை மிகுவிக்கும் விளைவுக்கு வலுவூட்டல் என்றும், குறைவிக்கும் விளைவுக்குத் தண்டனை என்றும் பெயரிட்டார். இவற்றிடையே பலரும் குழம்பும் இடம் ஒன்றுண்டு. வண்டிக்காரர் தார்க்குச்சியால் குத்துகிறார். மாடு நடக்கத் தொடங்கியதும் குத்துவதை நிறுத்துகிறார். துன்பம் நீங்கியதால் நடை உறுதிப்படுகிறது; ஆகையால் இது எதிர்மறை வலுவூட்டல். மாடு வயலில் வாய் வைத்தபோது விழும் அடியோ அச்செயலை அடக்க வருவது, அதுவே தண்டனை.

நம் பழமொழி பேசும் மாடு இவ்விரண்டையும் அறிந்த மாடு. ஆனால் நடக்கவும் மேயவும் அதற்கு முன்பே தெரியும் என்பதை மறக்கலாகாது. தெரிந்த செயலைத் தூண்டவும் அடக்கவும் கோலுக்கு இயலும். தெரியாத செயலொன்றைப் பிராணிக்குள் புதிதாக உண்டாக்குவது வேறு காரியம். ஸ்கின்னரே அதற்காகக் கையாண்ட முறை, விரும்பிய செயலைச் சற்றே ஒத்த அசைவுக்கும் இரை தந்து, படிப்படியாக முழுச் செயலுக்குக் கொண்டு சேர்ப்பதாகும். “அ” என்னும் எழுத்தை ஒருநாளும் கண்டிராத குழந்தை, எத்தனை அடி பட்டாலும் அதை எழுதிவிட மாட்டாது.

3. உள்ளங்கைக் கணக்கின் பரிசீலனை

இந்த அளவுகோல்களைக் கொண்டு பார்த்தால், காம்பெல் வருணிக்கும் முறையில் சன்மானம், சூனியம், தண்டனை என்னும் மூன்றும் படிவரிசையாக அமைந்திருப்பதைக் கண்டு முதலில் வியப்பு உண்டாகிறது. மனோதத்துவ ஆய்வுக்கூடங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இப்படியொரு விளைவு அட்டவணையை ஒரு கிராமத்து ஆசிரியர் நடத்தி வந்தார். ஆனால் ஊன்றி நோக்குவோர்க்கு அதில் மூன்று குறைகள் புலப்படும்.

முதலாவது, இந்த அட்டவணை எந்தச் செயலுக்கு விளைவு அளிக்கிறது என்பது. பள்ளிக்கு வந்து சேர்வதற்கே அது விளைவு அளிக்கிறது. எழுத்துக்கும் எண்ணுக்கும் அதில் இடமே இல்லை. கற்பிப்பதாக நினைத்து ஒன்றுக்குக் கூலி கொடுத்து வேறொன்றை எதிர்பார்ப்பது, நெல்லுக்குப் பாய்ச்சிய நீரைக் கரும்பில் தேடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. அடியின் எண்ணிக்கை வந்த நேரத்தைப் பொறுத்ததன்று. வந்த வரிசையைப் பொறுத்தது. காம்பெலின் ஜில்லாவில் 533 பள்ளிகளில் 6,641 மாணாக்கர் படித்தனர். அதாவது பள்ளி ஒன்றுக்குச் சராசரியாகப் பன்னிருவர். பன்னிருவர் உள்ள பள்ளியில் கடைசியாக வருபவனுக்கு 10 அடி. எல்லாருக்கும் சேர்த்து 55 அடி. பிள்ளைகள் அனைவரும் கோழி கூவுமுன் எழுந்து ஓடிவந்தாலும் அந்த 55 குறையாது. ஒழுங்கு எவ்வளவு உயர்ந்தாலும் தண்டனையின் மொத்தம் மாறாத ஒரு முறையில், தன் முயற்சிக்கும் தனக்கு நேரும் துன்பத்திற்கும் இடையேயுள்ள தொடர்பு பிள்ளையின் கண்ணுக்குத் தெளிவாய்ப் புலப்படுவதில்லை. தப்பமுடியாத அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னர்த் தப்ப வழி கிடைத்தபோதும் முயலாமல் படுத்துக் கிடந்ததை மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார்கள். பிள்ளையை அந்நாயோடு ஒப்பிடுவது மிகையாகலாம். எனினும், நாள்தோறும் கடைசியில் வரும் தொலைவீட்டுச் சிறுவனின் மனநிலையை எண்ணிப்பார்க்க அது உதவும். அவனுக்கு எஞ்சிய புத்திசாலித்தனமான வழி ஒன்றே: வாராதிருத்தல். வாராதிருந்தால் அன்றைக்கு அடியில்லை. துன்பம் நீங்கிய அனுபவம் அந்த ஒளிதலையே வலுவூட்டுகிறது. ஓடிப்போன பிள்ளையைப் பிடித்துவரப் பெரிய பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வழக்கமே இதற்குத் தக்க சாட்சி.

மூன்றாவது குறையைப் பாவ்லவின் வழியில்தான் காணமுடியும். அடி ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. அது திண்ணைக்கும், ஏட்டுக்கும், ஆசிரியரின் செருமலுக்கும் பரவுகிறது. ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் 1920ஆம் ஆண்டு, வெள்ளெலியைக் கண்டு அஞ்சாத ஒரு குழந்தையை, எலி தோன்றும்போதெல்லாம் பேரொலி எழுப்பி அஞ்சச் செய்தனர். அந்த அச்சம் முயல் முதலிய பிறவற்றிற்கும் பரவியது. இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத அந்தச் சோதனை ஒரே குழந்தையிடம் நடந்தது என்பதால் அதன்மேல் அதிக பாரம் ஏற்றலாகாது. அதைவிட உறுதியானது வில்லியம் எஸ்டிசும் ஸ்கின்னரும் 1941ஆம் ஆண்டு கண்டது: இரைக்காக நெம்புகோலை அழுத்திக் கொண்டிருந்த எலி, அதிர்ச்சியை முன்னறிவிக்கும் ஒலி கேட்டதும், அழுத்துவதை விட்டு ஒடுங்கிப் போயிற்று. வீட்டில் வாய்ப்பாட்டைத் தடையின்றி ஒப்பித்த பிள்ளை, பிரம்பைக் கையிலேந்திய ஆசிரியரின் முன் நின்றதும் நாவெழாமல் விழிப்பதை எத்தனை வீடுகள் அறியும்! அவன் கற்கவில்லை என்று அங்கே முடிவுகட்டி மேலும் அடிப்பது, ஒலியை இன்னும் உரக்க எழுப்புவதே.

4. மணலும் குரலும்

அப்படியானால் திண்ணைப் பிள்ளை எவ்வாறு கற்றான்? விடை பிரம்புக்குப் பக்கத்திலேயே, தரையில் பரப்பிய மணலில் இருக்கிறது.

பிள்ளை எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே அதன் வடிவை விரலால் மணலில் வரைந்தான். கண், காது, நா, விரல் ஆகிய நான்கும் ஒரே கணத்தில் ஒரே பொருளில் ஈடுபட்டன. பிழை உடனே தெரிந்தது, உடனே அழிந்தது. அந்தியில் எண்சுவடியை ஒருவன் முன்சொல்ல மற்றவர் ஒருங்கே பின்சொன்னார்கள். அதே பாடம் மறுநாளும், அதற்கடுத்த நாளும் திரும்பி வந்தது. எர்மன் எபிங்காஸ் என்னும் ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து 1885ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி, கற்றது விரைவில் மறக்கும் என்பதையும், ஒரே மூச்சில் படிப்பதினும் நாட்களில் பரப்பிப் படிப்பது சிக்கனமானது என்பதையும் நிறுவியது. ஹென்றி ரோடிகரும் ஜெப்ரி கார்ப்பிக்கும் 2006ஆம் ஆண்டு காட்டியது மற்றொன்று: பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிஷத்திற்குப்பின் மிகுதியாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு வாரத்திற்குப்பின், ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து ஒப்பித்துப் பார்த்தவர்களே முன்னின்றார்கள். ஒப்பித்தல் என்று நாம் இகழும் பயிற்சிக்கு இவ்வளவு பலமான ஆதாரம் கிடைக்குமென்று பலர் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது பலம் சட்டாம்பிள்ளை. முன்னேறிய மாணாக்கன் பின்தங்கியவனுக்குச் சொல்லிக்கொடுத்துத் தன் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் முறையைக் காம்பெல் வியந்து பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். அவர் குறிப்பது ஆண்ட்ரூ பெல் என்பவரின் முயற்சியை. 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் இல்லத்திலும் அதைப் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் இசையாமற்போகவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக்கொண்டு கற்பிக்கச் செய்து வெற்றி கண்டார். 1797ஆம் ஆண்டு லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் மூலம் அது சென்னை முறை என்ற பெயரோடு பல நாடுகளுக்குப் பரவியது. பெல் இங்கிருந்து எடுத்துச் சென்றவை மணலும் சட்டாம்பிள்ளையுமே. பிரம்பின் தேவையைக் குறைப்பதைத் தம் முறையின் சிறப்புகளுள் ஒன்றாகவே அவர் கருதினார். பிரம்பைக் குறைத்தபின்னும் அம்முறை வேலை செய்தது என்பது நம் கேள்விக்குச் சரித்திரமே நடத்திக்காட்டிய ஒரு சோதனை போன்றது. எழும்பூர் இல்லமும் கிராமத்துத் திண்ணையும் வேறு வேறு சூழல்கள் என்பதால் அதை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், வலுவான குறிப்பாகக் கொள்ளலாம்.

திண்ணையின் உண்மையான குறை எது என்பதையும் காம்பெல் சொல்லாமல் விடவில்லை. பேச்சு வழக்கிலிருந்து விலகிய செய்யுட்களைப் பிள்ளைகள் பொருளறியாமல் உருப்போட்டனர் என்பது அவர் குற்றச்சாட்டு. இதற்கு மறுமொழியாக, இளமையில் நெட்டுருவாய் நின்ற செய்யுள் நடுவயதில் பொருள் விளங்கித் துணை நிற்கிறது என்று சொல்வார் உண்டு. பலனின்றிப் புதிர்ப்பாதையில் திரிந்த எலிகள், பதினோராம் நாள் இரை வைத்ததும், முன்பே வழி கற்றிருந்ததை வெளிப்படுத்தின என்று எட்வர்டு டால்மனும் சி. எச். ஹான்சிக்கும் 1930ஆம் ஆண்டு காட்டியதை இவர்களுக்குத் துணையாக நிறுத்தலாம். ஆனால் அந்த எலிகள் பாதையைத் தாமே சுற்றி அறிந்தவை. பொருளறியாப் பிள்ளை, பாதையின் பெயரை மட்டும் கேட்டவன். ஆகவே, மறுமொழி ஓரளவே செல்லும் என்பது என் துணிவு.

5. பிரம்பின்மேல் நம்பிக்கை பிறந்த விதம்

பிரம்பு கற்பிக்கவில்லையென்றால், அறிவும் அனுபவமும் மிக்க ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக அதை நம்பியது எவ்வாறு? அவர்களுடைய அனுபவத்தைப் பொய்யென்று தள்ளுவது ஆராய்ச்சியாகாது. முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். உடனடியாகவும், தவறாமலும், கடுமையாகவும் வரும் தண்டனை ஒரு செயலை அடக்கவல்லது என்பதை நேதன் அஸ்ரினும் வில்லியம் ஹோல்சும் 1966ஆம் ஆண்டு திரட்டிய ஆய்வுகள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் அந்த நிபந்தனைகளை ஆய்வுக்கூடத்திற்கு வெளியே நிறைவேற்றுவது அரிது; நிறைவேற்றினால் அது மனிதத்தன்மைக்கு ஒவ்வாது; நிறைவேறினாலும் அடங்குவது குறும்பேயன்றிப் பிறப்பது கல்வியன்று.

நம்பிக்கையின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. இஸ்ரேல் நாட்டு விமானப் பயிற்சியாளர்கள், பாராட்டினால் மாணவர் அடுத்த முறை கெடுகிறார்கள், திட்டினால் தேறுகிறார்கள் என்று அனுபவத்தில் கண்டதாகச் சொன்னபோது, டேனியல் கானெமான் அதன் காரணத்தைக் கண்டுகொண்டார். எவர் செயலும் நாளுக்கு நாள் ஏறியிறங்கும். வழக்கத்தைவிட மிக நன்றாகச் செய்த நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சற்றே தாழ்வாகத்தான் இருக்கும். மிக மோசமாகச் செய்த நாளுக்கு அடுத்த நாள் சற்றே உயர்வாகத்தான் இருக்கும். பாராட்டு உச்சத்தில் வருகிறது. அடி பள்ளத்தில் விழுகிறது. ஆகவே ஒன்றும் செய்யாதிருந்தாலும் நேரக்கூடிய இறக்கம் பாராட்டின்மேல் பழியாகவும், ஏற்றம் அடியின்மேல் புகழாகவும் ஏறிவிடுகின்றன. திண்ணையிலும் நடந்தது இதுவே. ஆறாம் வாய்ப்பாட்டில் இன்று தடுமாறி அடிபட்டவன் நாளை கொஞ்சம் தேறிச் சொன்னதும், ஆசிரியரின் கை தன் செயலுக்குப் பலன் கண்டது. பலன் கண்ட செயல் நிலைபெற்றது. விளைவு விதி பிள்ளையைக் காட்டிலும் ஆசிரியரிடத்தே துல்லியமாக வேலை செய்தது என்று சொல்வது தவறாகாது.

ஸ்கின்னர் 1948ஆம் ஆண்டு, எட்டுப் புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் இரை வருமாறு செய்தபோது, ஆறு புறாக்கள் இரை வந்த கணத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த அசைவையே, அதுதான் இரையைக் கொணர்ந்தது போலத் திரும்பத் திரும்பச் செய்யலாயின. மணலும் ஓதுதலும் மெல்ல மெல்லப் பயனளித்துக் கொண்டிருந்த திண்ணையில் பிரம்பு எப்போதும் உடனிருந்தது. பயன் வந்தபோதெல்லாம் அது கையிலும் இருந்தது. கற்றுத் தேறியவர்கள் பெரியவர்களாகி, “அன்று பட்ட அடியால்தான் இன்று நான் மனிதன்” என்று சாட்சி சொன்னார்கள். அடிக்கு அஞ்சி ஆடுமேய்க்கப் போனவர்களின் சாட்சியைக் கேட்டு எழுதி வைத்தவர் இல்லை.

6. முடிவுரை

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. பொதுத்தேர்வில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டு கைவிட்டது. எல்லாரும் உயர்ந்தாலும் எவரோ ஒருவர் கடைசியாகியே தீரவேண்டும் என்ற உள்ளங்கைக் கணக்கின் தர்க்கம் அந்த அளவில் தளர்ந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007–08 கல்வியாண்டில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு குழந்தைக்கும் தன் வேகத்தில் ஏறும் கற்றல் ஏணியை வகுக்க முயன்றது. அதன் நிறைகுறைகள் தனி ஆராய்ச்சிக்கு உரியவை. ஆயினும் அடியை நீக்கிவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளும் வகுப்பறையும், வரிசையை நீக்கிவிட்டு ஓதுதலையும் எழுதிப் பழகுதலையும் நெட்டுரு என்று சேர்த்து வீசிவிடும் வகுப்பறையும், திண்ணையிலிருந்து தவறான பாடத்தையே கற்றவை என்று நான் கருதுகிறேன். எதைக் களைய வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்று பிரித்தறிவதற்கே இந்தச் சாஸ்திரம் நமக்குப் பயன்படுகிறது.

காம்பெல் வருணித்த பிள்ளைக்கு ஒவ்வொரு காலையும் உள்ளங்கை இருவகையில் பயன்பட்டது. வாசலில் அதை நீட்டி அடி வாங்கினான். பின் உட்கார்ந்து, விரலால் எழுதிய எழுத்துப் பிழையானபோது, அதே உள்ளங்கையால் மணலைத் தடவிச் சமமாக்கிவிட்டு மறுபடி எழுதினான். பிழையை அழித்து மறுபடி தொடங்க இடங்கொடுத்த அந்த மணலின் முன்னே அவன் கற்றதுதான், வாசலில் வாங்கியதன் பெயரால் இத்தனை காலம் வழங்கிவந்திருக்கிறது.